ஒட்டாத உறை

மூன்று பேர் வேண்டுமாம். என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுக்க மூன்று பேர். சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி ஒன்றரை ஆள்தான் தேறும். அந்த அரை ஆள் என் அம்மா.

முதுநிலைப் படிப்புக்கான விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். ஒருவர், பாடம் நடத்திய ஆசிரியர். ஒருவர், இப்போது வேலை பார்க்கும் இடத்தின் தலைவர். மூன்றாமவர், ஆய்வு வேலையை நேரில் மேற்பார்வையிட்டவர். உறவினர் கூடாது. ஒவ்வொரு கடிதமும் தனித்தனி உறையில், ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் எழுதியவரின் கையெழுத்தோடு வர வேண்டும். தபாலில் சேர்க்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஒரு மாதமாக அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் தள்ளிப் போட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். எல்லாம் அந்த மூன்றாவது கட்டத்தின் மேல் இருந்த பயம்தான்.

பொறியியல் கல்லூரி ஒன்றில் கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தின் உதவியாளர் நான். பட்டம் வாங்கிய கையோடு உள்ளே போனவள், ஒன்பது வருடமாக அங்கேயே கிடக்கிறேன். கட்டடம் கட்டுகிறவர்கள் தாங்கள் கலந்த கான்கிரீட்டில் கொஞ்சத்தை இரும்பு அச்சில் ஊற்றிக் கெட்டியாக்கிக் கொண்டுவருவார்கள். அதை நாங்கள் க்யூப் என்போம். தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, ஏழாம் நாள் சிலதையும் இருபத்தெட்டாம் நாள் மிச்சத்தையும் இயந்திரத்தில் வைத்து அழுத்தி உடைப்பேன். எவ்வளவு தாங்கியது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இருபத்தெட்டாம் நாள் என்றால் இருபத்தெட்டாம் நாள்தான். எனக்குக் காய்ச்சல், உனக்குக் கல்யாணம் என்று மறுநாளைக்குத் தள்ள முடியாது.

சம்பளத்தோடு படிப்பு விடுப்பு, விண்ணப்பிக்கும் நாளில் முப்பத்திரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான். எனக்கு அடுத்த மாதம் முப்பத்திரண்டு. இந்த வெள்ளிக்கிழமையை விட்டால் ஓய்வு பெறும்வரை க்யூப் உடைத்துக்கொண்டு, நேற்று வந்த பொடியன்கள் எல்லாம் மேலே படித்துவிட்டு வந்து என்னை "ஏம்மா, தொட்டியில தண்ணி இருக்கா பாரு" என்று அதட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஏற்கெனவே இரண்டு பேர் அதட்டுகிறார்கள்.

முதல் கடிதம் சுலபம். கணக்கு மேடம் பத்தே நிமிடத்தில் எழுதினார், உறையை ஒட்டினார், மேலே கையெழுத்துப் போட்டார். "உனக்கு மூளை இருக்கு, வாய் அதைவிட அதிகமா இருக்கு. மூளையைப் பத்தி மட்டும் எழுதியிருக்கேன், போ" என்றார். அந்தக் கட்டடத்திலேயே உறையைத் தானே ஒட்டிக் கொடுக்கிற ஒரே ஆள் அவர்தான்.

இரண்டாவது ஆள் எங்கள் துறைத் தலைவர். அவருக்கு முக்கால் என்று பட்டப்பெயர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "முக்கால்வாசி சரிதான்" என்பார். மிச்சக் கால்வாசியில் என்ன தப்பு என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

"சார், மேற்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் வேணும்."

"எப்பவும் போல எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன். யாருக்கு?"

"எனக்கு சார்."

நிமிர்ந்து பார்த்தார். "உனக்கா? நீ போயிட்டா இதையெல்லாம் யாரும்மா எழுதுவா?"

ஒன்பது வருட உழைப்புக்கு அந்த மனிதர் தந்த மரியாதை அதுதான். க்யூப் யார் உடைப்பார் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கையெழுத்து அவருடையது, அதனால் சிரித்து வைத்தேன்.

எங்கள் துறையின் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். யார் சிபாரிசுக் கடிதம் கேட்டாலும் முக்கால் ஒரு வரிகூட எழுதமாட்டார். கேட்டவர்களை என்னிடம் அனுப்புவார். நான் போய், "சார், என்ன மாதிரி?" என்று கேட்பேன். "நல்லதா" என்பார், இல்லையென்றால் "சுமாரா" என்பார். அந்த ஒரு சொல்தான் அவர் பங்கு. 'நல்லதா' என்றால் ஒரு பக்கம் நிறைய எழுதுவேன். 'சுமாரா' என்றால் நாலே வரி. நேரம் தவறாமல் வருபவர். மேசையைச் சுத்தமாக வைத்திருப்பவர். சொன்ன வேலையைச் செய்பவர். சக ஊழியர்களிடம் இனிமையாகப் பழகுபவர். படித்தால் பாராட்டுப் போலத் தெரியும். மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிற எந்தப் பேராசிரியரும் அந்த நாலு வரியைப் பார்த்ததும் விண்ணப்பத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவார், வேறு சொல்வதற்கு ஒன்றுமே இல்லாத ஆள் என்று அதற்கு அர்த்தம். அந்த நாலு வரியைக் கண்டுபிடித்தவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிறகு முக்கால் கடிதத்தை உறைக்குள் போட்டு, மடிப்பை மூடி, ஒட்டாமலே அதன் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போடுவார். பசை வாசனை அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம், குமட்டுமாம். "ஒட்டறது உன் வேலை" என்று என் பக்கம் தள்ளுவார். நான் ஒட்டி, கேட்டவர் கையில் கொடுப்பேன். ஒன்பது வருடத்தில் நாற்பது உறையாவது ஒட்டியிருப்பேன்.

என் கடிதத்தை நானே எழுதினேன், 'நல்லதா' என்று அவர் சொல்லாமலே. கையெழுத்துப் போடும்போது, "அந்த மூணாவது கட்டத்துக்கும் உங்க பேரையே போட்டுக்கட்டுமா சார்?" என்று மெதுவாக நூல் விட்டுப் பார்த்தேன்.

"ரெண்டு கட்டத்துலயும் நானேவா? அங்க இருக்கறவங்களுக்குக் கண்ணு தெரியாதா? நீ ஆய்வு பண்ணினது அந்தக் கான்கிரீட் பிளான்ட்ல. மேற்பார்வை பண்ணினது அந்தப் பொண்ணு. அவகிட்டயே போய்க் கேளு. ரெண்டு பேரும் முன்னால ஒரே தட்டுல சாப்பிட்டவங்கதானே?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு வால் என்று பேர் வைத்தது நான். எனக்குக் கடுகு என்று பேர் வைத்தது அவள். சூடு பட்டால் வெடிப்பேனாம். இரண்டு பேரும் ஒரே வருடம் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தோம். ஒரே தொட்டியில் கைவிட்டு, ஒரே இயந்திரத்தில் மாறி மாறி க்யூப் உடைத்து, முக்காலைப் பற்றி ஒரே மாதிரிக் கேலி பேசி ஐந்து வருடம் ஓட்டினோம். மேற்படிப்புக்கு வாங்கினால் இரண்டு விண்ணப்பமாக வாங்குவது, போனால் சேர்ந்து போவது என்று பேச்சு. வாங்கியும் வைத்தோம். அந்த வருடம்தான் அப்பா போனார். அக்கா நிறைமாதம். "இப்ப நீயும் போயிட்டா நான் யாரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கறது?" என்று அம்மா அழுதார். என் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன்.

வாலிடம் போய்ச் சொன்னேன். அவள் என் தோளைத் தட்டி, "சரி விடுடி, நான் முன்னால போறேன், நீ அடுத்த வருஷம் வா" என்றாள். பஸ்ஸில் எனக்கு இடம் கிடைக்கவில்லை என்பது போல அவ்வளவு லேசாகச் சொன்னாள். அன்றைக்குத்தான் முக்கால் அவளுடைய கடிதத்தைப் பற்றி என்னிடம், "நல்லதாவே எழுது" என்றார்.

நான் அந்த நாலு வரியை எழுதினேன்.

பொறாமை. அதற்கு வேறு அழகான பேர் தேட வேண்டியதில்லை. முக்கால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார் என்று எனக்குத் தெரியும். போட்டார். வாலுக்கு அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. யாரோடும் பேசாமல் வேலையை விட்டாள். ஒரு கான்கிரீட் பிளான்ட்டில் சேர்ந்து, மூன்று வருடத்தில் தரக் கட்டுப்பாட்டு மேனேஜர் ஆகிவிட்டாள். பிறகு கல்லூரிக்கும் அந்தப் பிளான்ட்டுக்கும் ஏதோ கூட்டு ஆய்வு என்று வந்து, எட்டு மாதம் என்னை அங்கே அனுப்பினார்கள். நேரே அவளுக்குக் கீழே. முதல் நாள் நான் "என்னடி வாலு" என்று சிரித்துக்கொண்டு போனேன். "வாங்க. ஹெல்மெட் போட்டுக்கோங்க" என்றாள். எட்டு மாதமும் வாங்க, போங்க, சொல்லுங்கதான். மேனேஜர் ஆனதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அவளைத் தவிர வேறு யாராவது கிடைக்கமாட்டார்களா என்று செவ்வாய்க்கிழமை முழுக்க அலைந்தேன். பிளான்ட்டின் பொது மேலாளருக்குப் போன் போட்டேன். "எந்தப் பொண்ணு? அந்தக் குட்டையா, எப்பவும் சண்டை போட்டுக்கிட்டே இருக்குமே, அதுவா?" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது எனக்கே கேட்டது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்கிட்ட கேளேன். பெயிண்ட் கம்பெனியில பெரிய போஸ்ட்ல இருக்காரு, அழகா எழுதித் தருவாரு."

"சொந்தக்காரங்க கூடாதுன்னு போட்டிருக்கும்மா."

"அவரு உனக்கு எப்படிச் சொந்தம்? அக்காவுக்குத்தானே புருஷன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அத்தான் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "தாராளமா எழுதித் தரேன் மச்சினிச்சி. ஆனா பொறுமைசாலின்னு மட்டும் எழுதச் சொல்லாத. பொய்க்கும் ஒரு அளவு இருக்குல்ல?" பின்னால் அக்காவும் சிரித்தாள். என் வாழ்க்கை இவர்களுக்கு மாலை நேரப் பொழுதுபோக்கு.

"அப்ப அந்த வாலு இருக்காளே," என்றார் அம்மா, போனை வைத்துவிட்டு. "உன்கூடவே ஒட்டிக்கிட்டுத் திரிவாளே. நல்ல பொண்ணு. அவ எழுதித் தரமாட்டாளா?"

"அம்மா, தயவு செஞ்சு வாயை மூடு."

"நான் வாயைத் திறந்தாலே தப்பு. அன்னிக்கு அழுதேன், அது தப்பு. இன்னிக்கு வழி சொல்றேன், இதுவும் தப்பு. போ, உன் இஷ்டத்துக்கு ஆடு."

புதன்கிழமை பிளான்ட்டுக்குப் போனேன். எனக்கு நானே எழுதிய ஒரு பக்கக் கடிதம் பையில் இருந்தது, கீழே வாலின் பேரைப் போட்டு. அவள் அறை லாரிகள் வந்து நிற்கும் முற்றத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்கச் சிமெண்டுத் தூசி. மேசையில் மூன்று உடைந்த க்யூப்கள். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க."

சொன்னேன். கடைசி நாள், வயது, மூன்றாவது கட்டம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"எழுதிக்கிட்டு வந்திருப்பீங்களே?" என்று கையை நீட்டினாள்.

கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். ஒரு லாரி உள்ளே வந்து, சுற்றிக்கொண்டு, வெளியே போகும்வரை படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. உங்களுக்கு நல்லா எழுத வரும்னு எனக்குத் தெரியும்." காகிதத்தைக் கீழே வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்: "நேரம் தவறாமல் வருபவர். மேசையைச் சுத்தமாக வைத்திருப்பவர். சொன்ன வேலையைச் செய்பவர். சக ஊழியர்களிடம் இனிமையாகப் பழகுபவர்."

நான் மேசையிலிருந்த உடைந்த க்யூப்களைப் பார்த்தேன்.

"அன்னிக்கு நீங்க க்யூப் உடைச்சுக்கிட்டு இருந்தீங்க," என்றாள். "இருபத்தெட்டாம் நாள். நான் அவசரமா வந்து நின்னேன், முக்கால் தானே எடுத்து என் கையில குடுத்துட்டாரு. பசை இல்ல, நீயே ஒட்டிக்கன்னாரு. பஸ் ஸ்டாப்ல உக்காந்து பிரிச்சேன்."

நினைவு வந்தது. ஒரு பெரிய பாலத்துக்கான க்யூப்கள், பதினெட்டு. உடைத்துவிட்டு வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று உறையை அவர் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது உறை இல்லை. அவரே ஒட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மனிதர் வாழ்நாளில் ஓர் உறையை ஒட்டியிருக்கிறாரா என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

"முக்கால்தான் சுமாரா எழுதச் சொன்னாருன்னு நினைச்சேன்," என்றாள் வால். "ஒரு வருஷம் அவர் மேலதான் கோபம். அப்புறம் ஒரு நாள் வழியில பார்த்து நேராவே கேட்டேன். 'நான் நல்லதா எழுதத்தானேம்மா சொன்னேன்'னாரு."

அதை முக்கால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு மறந்தேகூடப் போயிருக்கும்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் கடிதத்துக்காகக் கேட்கிறேன் என்று ஆகிவிடும், கேட்காவிட்டால் திமிர் என்று ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் அதுதானே வரும்.

"படிச்சவ அப்புறம் ஏன் அதை அனுப்பினே?" என்று கத்தினேன். "கிழிச்சுப் போட்டிருக்க வேண்டியதுதானே? என் மூஞ்சியில வீசியிருக்க வேண்டியதுதானே?"

அவளும் எழுந்துவிட்டாள். அந்த எட்டு மாதமும் கட்டிக் காத்த வாங்க போங்க எல்லாம் போன இடம் தெரியவில்லை.

"வேற யார்கிட்டடி கேப்பேன்? அன்னிக்குத்தான் கடைசி நாள். மூணு கடிதம் இல்லன்னா பிரிச்சே பார்க்க மாட்டாங்க. ரெண்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஒருவேளை மத்த ரெண்டைப் பார்த்துட்டு இதைக் கண்டுக்காம விட்டுடுவாங்களோன்னு ஒரு ஆசை. எச்சில் தொட்டு நானே ஒட்டினேன். நானே கொண்டுபோய்க் குடுத்தேன். என் கையாலயேடி!"

ஜன்னலுக்கு வெளியே ஒரு டிரைவர் நின்று பார்த்தார். வால் கையை ஆட்டி அவரைப் போகச் சொன்னாள். உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அப்ப இந்த எட்டு மாசமும் என்னை வச்சு வேடிக்கை பார்த்தியா?" என்றேன்.

"உன் வேலையைப் பார்த்தேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்." நான் கொண்டுபோன காகிதத்தை எடுத்துத் தன் மேசை டிராயரில் போட்டாள். "வெள்ளிக்கிழமை காலையில வாங்க. உறையைக் கேட்ல குடுத்து வைக்கறேன். என்னை வந்து பார்க்க வேண்டாம்."

வியாழக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் என்ன எழுதுவாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நாலு வரி. பேரை மட்டும் மாற்றினால் போதும். அவள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன், கூடவே சிரிக்கவும் செய்வேன்.

வெள்ளிக்கிழமை கேட்டில் காவலாளி உறையை நீட்டினார். மடிப்பு மூடியிருந்தது, மேலே குறுக்காக வாலின் கையெழுத்து. விரலை வைத்தேன், மடிப்பு திறந்துகொண்டது.

"மேடம் சொல்லச் சொன்னாங்க," என்றார் காவலாளி. "ஒட்டறது உங்க வேலையாம்."

தபால் நிலையத்தில் ஒரு மூலையில் சாய்வு மேசை, அதில் நூலில் கட்டிய பேனா, காய்ந்து கறுத்த பசை டப்பா. நின்றபடி உறையைப் பிரித்தேன். உள்ளே இரண்டு காகிதம்.

ஒன்று, நான் எழுதியது. எனக்கு நானே எழுதிக்கொண்ட பாராட்டு. ஒரு எழுத்துகூட மாற்றாமல், கீழே வாலின் கையெழுத்து, பிளான்ட்டின் முத்திரை.

இன்னொன்று அவள் எழுதியது. அதிலும் கையெழுத்து, அதிலும் முத்திரை. நான் நேரம் தவறாமல் வருபவள் என்று அதில் எங்குமே இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

'இவர் எட்டு மாதத்தில் என் மேற்பார்வையில் முன்னூற்றுப் பன்னிரண்டு க்யூப்களை உடைத்தார். ஒன்றின் கணக்கையும் அழகுபடுத்தவில்லை. பத்தொன்பதாம் தொகுதி தேறாதபோது நிர்வாகத்துக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் அப்படியே எழுதினார். ஏன் தேறவில்லை என்று விடாமல் தேடி, மணலில் இருந்த ஈரத்தைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு நாங்கள் மணலை நிறுக்கும் முறையையே மாற்றிவிட்டோம். கோபக்காரர். கோபத்திலும் ஓர் எண்ணை மாற்றியதில்லை. இந்த வேலையில் இவரைவிடச் சிறந்தவரை நான் பார்த்ததில்லை.'

கடைசியில் தனியாக இப்படி எழுதியிருந்தாள்:

'இவர் எண்களை எழுதினால் நம்பலாம். இவர் மனிதர்களைப் பற்றி எழுதியதையும் நான் படித்திருக்கிறேன். அதைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால் கீழ்க்காணும் எண்ணில் என்னை அழைக்கவும்.'

கீழே அவளுடைய போன் நம்பர்.

பாவி. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளை என்னென்னவோ திட்டினேன், பக்கத்தில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. அந்த நம்பரை யாராவது அழைத்தால் வால் பொய் சொல்லமாட்டாள். ஒரு போனில் என் கதை முடிந்தது.

இன்னொரு காகிதமும் இருந்ததே. பத்திரமான காகிதம். அதைப் போட்டு ஒட்டினால் யாரும் ஒரு கேள்வி கேட்கமுடியாது. எடுத்து மறுபடி படித்தேன். கடும் உழைப்பாளி, ஆர்வம் மிக்கவர், சிறந்த எதிர்காலம் உடையவர். நாற்பது பேருக்கு எழுதிய அதே கடிதம். பேரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஒன்பது வருடமாகக் கடிதம் எழுதுகிறவளுக்கு எது எடுபடும் என்று தெரியாதா? இடம் வாங்கித் தரக்கூடிய கடிதம் வால் எழுதியதுதான். அதை நாசமாக்கக்கூடிய வரியும் அதிலேயே இருந்தது. என் ஒன்பது வருடத்தில் என்னை ஒழுங்காகப் பார்த்து எழுதிய ஒரே ஆள் அவள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுகை வந்தது. அங்கேயே நின்று அழுதேன்.

கவுண்ட்டரில் இருந்தவர், "இன்னும் இருபது நிமிஷத்துல பதிவுத் தபால் மூடிடுவோம்" என்றார்.

என்னுடைய காகிதத்தைக் கிழித்தேன். வாலின் கடிதத்தை உள்ளே வைத்தேன். பசை வரவில்லை. நாக்கால் தடவி ஒட்டினேன்.

ஏழு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். முக்கால் பார்த்துவிட்டு, "முக்கால்வாசி சந்தோஷம்தான்" என்றார். நான் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு வாலுக்குப் போன் போட்டேன்.

"கிடைச்சிடுச்சு," என்றேன்.

"சரி."

"எதை அனுப்பினேன்னு கேக்கலையே?"

"தெரியும். போன் வந்துச்சு."

ஈரக் கையோடு சுவரில் சாய்ந்துகொண்டேன். "என்ன கேட்டாங்க?"

"ஒரு பேராசிரியர் பேசினாரு. மனிதர்களைப் பத்தி என்ன எழுதினாங்கன்னு கேட்டாரு. நாலு வரியையும் சொன்னேன். யாரு எழுதினது, யாரைப் பத்தி எழுதினதுன்னு சொன்னேன். ஒண்ணையும் மறைக்கல."

"அப்புறம்?"

"இவ்வளவு பண்ணினவங்களுக்கு இப்படி ஒரு கடிதம் ஏன் எழுதிக் குடுத்தீங்கன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவள் யாரிடமோ "இருங்க, வரேன்" என்றாள். பிறகு போனில், எனக்கு அல்ல, இன்னும் அந்தப் பேராசிரியருக்கே பதில் சொல்வது போலச் சொன்னாள்.

"'வேற யார்கிட்ட கேப்பா'ன்னேன்."

வைத்துவிட்டாள். நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.